மாசம் 2,100 ரூபாயில் வருஷத்துக்கு 34 அவுட்டிங்: சின்னக் குழந்தைகளோடு சென்னையைச் சுத்த ஒரு பட்ஜெட் பாடம்



உங்க பட்ஜெட் ஷீட்டை ஒரு நிமிஷம் திறங்க. வாடகை இருக்கும், இ.எம்.ஐ. இருக்கும், ஸ்கூல் ஃபீஸ், மளிகை, எஸ்.ஐ.பி. எல்லாத்துக்கும் ஒரு வரி இருக்கும். "குழந்தைகளோட வெளியே போற செலவு"ன்னு ஒரு வரி இருக்கா?

பெரும்பாலும் இருக்காது. இளம் தம்பதிகளோட வரவு செலவைப் பார்க்கிறப்போ நான் திரும்பத் திரும்பக் கவனிக்கிற விஷயம் இது. செலவு நடந்திருக்கும், ஆனா அதுக்குத் தலைப்பு இருக்காது. கேப் காசு "போக்குவரத்து"ல போயிருக்கும். ஃபுட் கோர்ட் பில் "சாப்பாடு"ல இருக்கும். பொம்மை "ஷாப்பிங்". ப்ளே ஏரியா "இதர செலவு". ஒரே சாயங்காலத்தோட செலவு நாலு இடத்துல சிதறிக் கிடக்கும்.

தலைப்பு இல்லாத செலவுக்கு ரெண்டே முடிவுதான். ஒண்ணு, யாரும் கவனிக்காம வளர்ந்துக்கிட்டே போகும். இல்லைன்னா கை இறுகுற மாசத்துல முதல் வெட்டு அதுக்குத்தான் விழும். "இந்த மாசம் எங்கேயும் வேண்டாம்"னு குழந்தைகளை டி.வி. முன்னாடி உட்கார வெச்சிடுவோம். முதல் வழியில காசு போகுது, ரெண்டாவது வழியில குழந்தையோட ஞாயிற்றுக்கிழமை போகுது. இந்தப் பாடம் ரெண்டையும் காப்பாத்தறதுக்கு. அவுட்டிங்கை நிறுத்தச் சொல்ற கட்டுரை இல்லைங்க இது. அதிகமா போங்க, கணக்கோட போங்கன்னு சொல்ற கட்டுரை.

ஒரு சனிக்கிழமையோட பில்

உதாரணத்துக்கு ஒரு குடும்பம். மயிலாப்பூர்ல வாடகை வீடு, ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க, 5 வயசுல ஒண்ணு, 2 வயசுல ஒண்ணு. சனிக்கிழமை சாயங்காலம் மாலுக்குப் போறாங்கன்னு வெச்சுக்குவோம்.

- கேப், போக வர: ரூ.500
- ப்ளே ஏரியா ரீசார்ஜ் கார்டு: ரூ.700
- ஃபுட் கோர்ட்: ரூ.800
- ஐஸ்கிரீம், பாப்கார்ன், தண்ணி பாட்டில்: ரூ.200
- அழுகையை நிறுத்த ஒரு பொம்மை: ரூ.200

மொத்தம் ரூ.2,400. மாசத்துக்கு ரெண்டு தடவைன்னா 4,800. வருஷத்துக்கு 57,600 ரூபாய்.

இதுல ஒண்ணு கவனிங்க. மாலுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. வாசல்ல ஒரு ரூபாய்கூட வாங்கலை. ஆனா 2,400 போயிடுச்சு. அவுட்டிங்ல காசு ஒழுகுற ஓட்டை டிக்கெட் கவுண்டர்ல இல்லை. தூரம், பசி, சலிப்பு, இந்த மூணுலதான் இருக்கு. தூரத்துக்கு கேப், பசிக்கு ஃபுட் கோர்ட், சலிப்புக்குப் பொம்மை. இந்த மூணையும் வீட்டுலேயே அடைச்சிட்டு கிளம்பினா, எந்த இடத்துக்குப் போனாலும் பில் பாதியாகும்.

மணிக்கு எவ்வளவு?

தொழிற்சாலைக் கணக்குல ஒரு பொருளுக்கு என்ன அடக்க விலைன்னு பார்ப்போம். அதே மாதிரி அவுட்டிங்குக்கும் ஒரு அளவுகோல் வெச்சுக்கலாம்: மொத்தச் செலவை, குழந்தை உண்மையிலேயே சந்தோஷமா இருந்த மணி நேரத்தால வகுங்க.

மால் உதாரணத்துல வீட்டை விட்டுப் போனது 5 மணி நேரம். அதுல டிராஃபிக், ஃபுட் கோர்ட்ல இடம் பிடிக்கிறது, நாம கடை பார்க்கிறது எல்லாம் கழிச்சா, குழந்தை விளையாடினது 2 மணி நேரம். 2,400 வகுத்தல் 2 = மணிக்கு 1,200 ரூபாய்.

அதே குடும்பம் ஞாயிறு காலை ஏழு மணிக்கு லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குப் போகட்டும். ஆட்டோ 120, திரும்பி வரும்போது டிபன் 180. மொத்தம் ரூ.300. ஊஞ்சல், சறுக்கு, ஓட்டம்னு 2 மணி நேரம். மணிக்கு 150 ரூபாய். எட்டுல ஒரு பங்கு!

இதுல இன்னொரு உண்மையும் இருக்கு. 5 வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ஒரு அவுட்டிங்கோட அளவே ரெண்டு, மிஞ்சினா மூணு மணி நேரம்தான். அதுக்கு மேல தூக்கம், பசி, அழுகை. முழு நாள் டிக்கெட் வாங்கறது, ஒரு தட்டுச் சாப்பாட்டுக்கு அண்டா பிரியாணிக்கு ஆர்டர் கொடுக்கிற மாதிரி. சின்னக் குழந்தைக்கு வாங்க வேண்டியது ரெண்டு மணி நேரத்தைத்தான்.

நீங்க ஏற்கெனவே காசு கட்டின இடங்கள்

"ஃப்ரீ இடம்"னு சொன்னா சிலருக்கு ஒரு கூச்சம் வரும். குழந்தைக்குக் கஞ்சத்தனம் பண்றோமோன்னு தோணும். அப்படி இல்லைங்க. மாநகராட்சிப் பூங்கா சொத்து வரியில நடக்குது. அந்தச் சொத்து வரியோட பத்து சதவீதம் நூலக வரியும் சேர்த்துத்தான் வசூலிக்கிறாங்க. 1948-ல் வந்த பொது நூலகச் சட்டத்துல இருந்தே தமிழ்நாட்டில் நூலக வரி உண்டு. வாடகை வீட்டுல இருந்தாலும் உங்க வாடகைக்குள்ள அதுவும் அடங்கியிருக்கு. அதனால இதெல்லாம் ஃப்ரீ இல்லை, ப்ரீபெய்டு! பயன்படுத்தலைன்னா பேலன்ஸ் வீணாகுது, அவ்வளவுதான்.

சரி, தென் சென்னையிலயும் மத்திய சென்னையிலயும் எங்கே போகலாம்? ஏரியா வாரியா பார்ப்போம்.

மயிலாப்பூர்

நாகேஸ்வர ராவ் பூங்கா 1940-ல் இருந்து இருக்கு. அமிர்தாஞ்சன் நிறுவனர் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் பெயர்ல அமைஞ்சது. நிழல் அதிகம், அதனால காலை ஒன்பது மணி வரைக்கும் வெயில் தொந்தரவு இல்லை.

கபாலீஸ்வரர் கோயிலும் குளமும் மாட வீதிகளும் சேர்ந்தா குழந்தைகளுக்கு ஒரு முழு சாயங்காலம். நவராத்திரிக்கு முந்தின வாரங்கள்ல வடக்கு மாட வீதி முழுக்க கொலு பொம்மைக் கடை. "எது வேணும்னாலும் பார்க்கலாம், ஒண்ணே ஒண்ணு வாங்கலாம்"னு கிளம்பும்போதே சொல்லிடுங்க. 5 வயசுக் குழந்தைக்கு பட்ஜெட்னா என்னன்னு சொல்லிக் கொடுக்க இதை விட நல்ல வகுப்பு இல்லை. பங்குனித் திருவிழாவுல அறுபத்துமூவர் அன்னைக்குக் கைக்குழந்தையோட போகாதீங்க, கூட்டம் தாங்காது. மத்த நாள் காலை உற்சவத்துக்குப் போனா வாகனத்தைப் பக்கத்துலயே காட்டலாம்.

இன்னொண்ணு, பறக்கும் ரயில். திருமயிலை ஸ்டேஷன்ல ஏறி திருவான்மியூர் வரைக்கும் போயிட்டு வாங்க. கிரீன்வேஸ் சாலைக்கும் கோட்டூர்புரத்துக்கும் நடுவுல அடையாறு ஆத்து மேல ரயில் போகும். பெரியவங்களுக்கு டிக்கெட் 5 ரூபாயில ஆரம்பம், 5 வயசுக்குக் கீழே டிக்கெட்டே இல்லை. நமக்கு அது வெறும் பயணம், குழந்தைக்கு அதுதான் அவுட்டிங். ஞாயிற்றுக்கிழமை ரயில் குறைவு, நேரம் பார்த்துட்டுப் போங்க. படிக்கட்டு நிறைய, ஸ்ட்ரோலரை வீட்டுல விட்டுடுங்க.

கோட்டூர்புரம், கிண்டி

அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பர் 15-ல் திறந்தது. முதல் மாடி முழுக்க குழந்தைகளுக்கு. நடுவுல ஒரு செயற்கை மரம், சுத்தி சின்ன நாற்காலிகள், படப் புத்தகங்கள். கட்டணம் இல்லை. மே மாச வெயில்ல எங்கே போறதுன்னு தெரியாம எல்லாரும் ஏ.சி. தேடி மாலுக்கு ஓடுறப்போ, ஏ.சி.யும் புத்தகமும் சேர்ந்து இங்கே கிடைக்குது.

அதே காந்தி மண்டபம் சாலையில பிர்லா கோளரங்கம், 1988-ல் திறந்தது. தமிழ்க் காட்சி, ஆங்கிலக் காட்சின்னு தனித்தனி நேரம் இருக்கு. உள்ளே இருட்டா இருக்கும், அதனால 5 வயசுக்கு மேலன்னா நல்லது. சின்னது பாதியில அழுதா, அதைத் தூக்கிட்டு வெளியே வர்றவருக்கும் காட்சி போச்சு.

கிண்டி குழந்தைகள் பூங்கா புதுப்பிச்சு 2024-ல் மறுபடி திறந்திருக்காங்க. ஊருக்கு நடுவுல 2.7 சதுர கிலோமீட்டர்ல ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது எத்தனை நகரத்துக்கு வாய்க்கும்? பக்கத்துலயே பாம்புப் பண்ணை, ரோமுலஸ் விட்டேக்கர் ஆரம்பிச்சது, 1972-ல் இருந்து கிண்டியில இருக்கு. டிக்கெட் தனி. ரெண்டுக்கும் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

இந்த நாலும் அக்கம்பக்கத்துலதான் இருக்கு. அதனாலயே "ஒரே நாள்ல முடிச்சிடலாம்"னு ஆசை வரும். வேண்டாம். நாலு ஞாயிற்றுக்கிழமைக்கான சரக்கை ஒரே நாள்ல தீர்த்தா, மதியம் ரெண்டு மணிக்கு அழுகை, அதுக்கப்புறம் கேப், ஹோட்டல், பொம்மை. அதே 2,400 ரூபாய் பில் மறுபடி வந்து நிக்கும்.

அடையாறு, பெசன்ட் நகர்

எலியட்ஸ் கடற்கரைக்குக் காலையில போங்க. சாயங்காலம் போனா மணலை விட கடைதான் அதிகம் கண்ணுல படும். ஒரு பக்கெட், பழைய கரண்டி ரெண்டு, மாத்து டிரஸ், ஒரு பாட்டில் தண்ணி போதும். கால் நனைக்கிறதோட நிறுத்துங்க, இந்தக் கடல்ல இழுப்பு அதிகம். அங்கே நிக்குற ஷ்மிட் நினைவுச் சின்னமே, 1930-ல் கடல்ல மூழ்கினவங்களைக் காப்பாத்தப் போய் உயிர் விட்ட ஒரு டென்மார்க்காரருக்காகக் கட்டினதுதான். பெரிய குழந்தைன்னா இந்தக் கதையைச் சொல்லுங்க, தண்ணிக்குள்ள ஓடாது.

தியாசாபிகல் சொசைட்டி தோட்டத்துல இருக்கிற பெரிய ஆலமரமும் குழந்தைகளுக்குப் பிடிக்கும். பார்வை நேரம் குறைவு, கேட்டுட்டுக் கிளம்புங்க.

தி.நகர், கதீட்ரல் சாலை

தி.நகர்ல ஒரு எச்சரிக்கை: ஷாப்பிங்கையும் அவுட்டிங்கையும் கலக்காதீங்க. துணிக்கடையில ரெண்டு மணி நேரம் நின்ன குழந்தைக்கு அடுத்து எதைக் காட்டினாலும் சலிப்புதான். கடை வேலை இல்லாத நாள்ல போனா ஊரே வேற மாதிரி இருக்கும். 2019-ல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துல குழந்தை கையை விட்டு நடக்க இடம் இருக்கு. மாம்பலம் ஸ்டேஷன்ல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் 2023-ல் திறந்த ஆகாய நடைபாதை சுமார் 570 மீட்டர். ரயில் பைத்தியம் பிடிச்ச மூணு வயசுக்காரனுக்கு ஸ்டேஷன் பாலத்துல நின்னு மின்சார ரயில் பார்க்கிறதே போதும். களைச்சா நடேசன் பூங்கா.

கதீட்ரல் சாலையில செம்மொழிப் பூங்கா. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்துல 2010-ல் வந்தது. தாத்தா பாட்டியையும் கூட்டிட்டுப் போங்க, அவங்ககிட்ட அந்த இடத்தைப் பத்திச் சொல்ல நிறைய கதை இருக்கும். பக்கத்துலயே 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. அங்கே நுழைவுக் கட்டணம் தனி, உள்ளே ஜிப்லைன் மாதிரி விஷயங்களுக்குத் தனி. உள்ளே எதுக்கெல்லாம் காசுன்னு வாசல்லயே பார்த்து, எது வேணும்னு முடிவு பண்ணிட்டு உள்ளே போங்க. உள்ளே போய் முடிவு பண்ணா, முடிவு பண்றது குழந்தைதான்.

ஒரு நாள் பயணம்: வருஷத்துக்கு ரெண்டு போதும்

வண்டலூர் பூங்கா: 1855-ல் எழும்பூர் மியூசியத்துல ஆரம்பிச்ச உயிரியல் பூங்கா, 1985-ல் வண்டலூருக்கு வந்தது. செவ்வாய் விடுமுறை. தி.நகர்க்காரங்களுக்கு மாம்பலத்துல இருந்து நேரா மின்சார ரயில் இருக்கு. முழுக்க நடக்கணும்னு நினைக்காதீங்க, பேட்டரி வண்டிக்கு ஒரு தொகை ஒதுக்கிடுங்க. அது வீண் செலவு இல்லை, கைக்குழந்தையைத் தூக்கிட்டு நடக்கிறவங்களுக்கு அவசியச் செலவு.

முட்டுக்காடு தட்சிணசித்ரா: 1996-ல் திறந்தது. பழைய வீடுகள், மண்பாண்டம், கைவேலை. செவ்வாய் விடுமுறை. அதுக்கும் தெற்கே முதலைப் பண்ணை, 1976-ல் ஆரம்பிச்சது, திங்கள் விடுமுறை.

மாமல்லபுரம்: கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், இந்தியர்களுக்கு ரூ.40. 15 வயசுக்குக் கீழே கட்டணம் இல்லை. ஆக நாலு பேர் குடும்பத்துக்கு 80 ரூபாய். ஆனா அந்த நாளோட உண்மையான செலவு வண்டியும் மதியச் சாப்பாடும்தான். விடியற்காலையில கிளம்பி, பத்தரை மணிக்குள்ள பார்த்து முடிச்சு, மதியத் தூக்கத்துக்கு வீடு திரும்பினா செலவும் குறையும், குழந்தையும் நல்லா இருக்கும்.

இப்போ ஃபண்டு போடுவோம்

ஒரு வருஷத்துக்கு இப்படி வெச்சுக்கலாம்:

- பக்கத்து இடங்கள்: 24 தடவை, தலா ரூ.300 = ரூ.7,200
- டிக்கெட் இருக்கிற இடங்கள்: 6 தடவை, தலா ரூ.1,000 = ரூ.6,000
- ஒரு நாள் பயணம்: 2 தடவை, தலா ரூ.3,500 = ரூ.7,000
- மால்: 2 தடவை, தலா ரூ.2,400 = ரூ.4,800

மொத்தம் 34 அவுட்டிங், ரூ.25,000. பன்னிரண்டால வகுத்தா மாசம் 2,083, சுமாரா 2,100 ரூபாய். மாலுக்கு மட்டும் 24 தடவை போன கணக்கு 57,600. இதுல பத்து அவுட்டிங் அதிகம், செலவு பாதியை விடக் குறைவு. மாலும் விட்டுப் போகலை, பிறந்தநாளுக்கோ ரிசல்ட்டுக்கோ போங்க.

மிச்சம் 32,600 ரூபாய். எமர்ஜென்சி ஃபண்டு இல்லாதவங்க முதல்ல அதுல போடுங்க. இருக்கிறவங்க எஸ்.ஐ.பி.யைக் கூட்டலாம்.

சம்பளம் வந்த அன்னைக்கே இந்த 2,100-ஐத் தனி சேவிங்ஸ் அக்கவுண்டுக்கு மாத்திடுங்க. அவுட்டிங் செலவு எல்லாம் அந்த அக்கவுண்டோட யு.பி.ஐ.யில இருந்து மட்டும் போகணும். கேப், டிபன், பொம்மை எல்லாம் ஒரே இடத்துல பதிவாகும். நாலு தலைப்புல சிதறின செலவு ஒரே தலைப்புக்குக் கீழே வந்துடும். அந்த மாசம் போகலைன்னா காசு அடுத்த மாசத்துக்குச் சேரும், டிசம்பர்ல ஒரு நாள் பயணத்துக்கு உதவும்.

கிளம்பும் முன் ஐந்து விதிகள்

1. வீட்டுலேயே சாப்பிட்டுட்டு, இல்லைன்னா டப்பாவுல எடுத்துட்டுப் போங்க. இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம், தண்ணி.

2. கே.ஜி. குழந்தை வரைக்கும் 6 கிலோமீட்டருக்குள்ள இருக்கிற இடத்துக்கு முன்னுரிமை. மாநகரப் பேருந்துல சாதாரணக் கட்டண பஸ்ல பெண்களுக்கு 2021-ல் இருந்து டிக்கெட் இல்லை. 5 வயசு வரைக்கும் குழந்தைக்கும் இல்லை. அந்தக் குடும்பத்துல அப்பாவுக்கு மட்டும்தான் டிக்கெட்!

3. ப்ளே ஏரியா கார்டுல ஆஃபர் பார்த்து ரீசார்ஜ் பண்ணாதீங்க. "1,000 போட்டா 200 இலவசம்"ங்கிறது உங்க காசை முன்கூட்டியே வாங்கிக்கிறது. எத்தனை ரைடு போகப் போறோமோ அதுக்கு மட்டும் போடுங்க.

4. ஹோட்டல் பில்லைப் படிங்க. ஜி.எஸ்.டி. வரி, கட்டித்தான் ஆகணும். சர்வீஸ் சார்ஜ் வரி இல்லை, கட்டாயமும் இல்லை. பில்லுல இருந்தா எடுக்கச் சொல்லலாம்.

5. குழந்தையோட பிறப்புச் சான்றிதழ் போட்டோவை போன்ல வெச்சுக்கங்க. வயசு வரம்புக்குள்ள இருக்கிற குழந்தைக்கு டிக்கெட் எடுக்கிறது தேவையில்லாத செலவு.

அடிக்கடி வர்ற மூணு கேள்விகள்

இந்தச் செலவை எல்.டி.ஏ.ல கிளெய்ம் பண்ணலாமா சார்?
உள்ளூர் அவுட்டிங்குக்குக் கிடையாது. எல்.டி.ஏ.ங்கிறது லீவு போட்டு இந்தியாவுக்குள்ள போற பயணத்தோட டிக்கெட் செலவுக்கு மட்டும். தங்கறது, சாப்பாடு சேராது. நாலு வருஷ பிளாக்குல ரெண்டு பயணம். அதுவும் பழைய வரி முறையில இருந்தாதான், புது வரி முறையில அந்த விலக்கு இல்லை.

வருஷ பாஸ் எடுக்கலாமா?
பாஸ் விலையை ஒரு நாள் டிக்கெட் விலையால வகுங்க. வர்ற எண்ணிக்கையை விட ரெண்டு தடவையாவது கூடுதலா போவீங்கன்னா எடுங்க. "எடுத்தா போவோம்"னு எடுக்காதீங்க, ஜிம் பாஸ் என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்குல்ல?

கிரெடிட் கார்டுல ஆஃபர் இருக்கே?
முழு பில்லையும் கெடுவுக்குள்ள கட்டறவங்களுக்கு நல்லதுதான். மினிமம் டியூ கட்டறவங்களுக்கு இல்லை. மாசம் 3.5 சதவீத வட்டின்னா வருஷத்துக்கு 42 சதவீதம். 2,400 ரூபாய் மால் செலவை ஒரு வருஷம் தள்ளிக்கிட்டே போனா வட்டியே ஆயிரம் ரூபாய் வரும். அந்த ஆயிரத்துல மூணு தடவை பூங்காவுக்குப் போயிருக்கலாம்.

இந்த வார வீட்டுப்பாடம்

கடைசி மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்டையும் கார்டு ஸ்டேட்மென்டையும் எடுங்க. சனி, ஞாயிறு தேதியில இருக்கிற கேப், ஹோட்டல், ப்ளே ஏரியா, பொம்மை செலவை மட்டும் பேனாவால வட்டம் போட்டுக் கூட்டுங்க. அந்தத் தொகைக்கு "அவுட்டிங்"னு பேர் வைங்க. அதைப் பார்த்த பிறகு கணவன் மனைவி ரெண்டு பேரும் உட்கார்ந்து மேலே இருக்கிற நாலு வரிக் கணக்கை உங்க குடும்பத்துக்கு ஏத்த மாதிரி மாத்துங்க. 300 ரூபாய் உங்களுக்கு 500 ஆகலாம், 24 தடவை 15 ஆகலாம், தப்பில்லை.

வர்ற ஞாயிறு காலை ஏழு மணிக்கு உங்க வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற ஒரு பூங்காவுல ஆரம்பிங்க. போயிட்டு வந்து மணிக்கு எவ்வளவு ஆச்சுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. எந்த இடம், எவ்வளவுன்னு வீடியோவுக்குக் கீழே எழுதுங்க, அதை வெச்சு அடுத்த பட்டியல் போடுவோம்.